நிற்காத கை

தொழிற்சாலை முதலுதவி அறைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, உங்களிடம் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பயந்தாங்கொள்ளி. கும்மிடிப்பூண்டியில் ஓர் உருக்காலையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெறும்வரை பயந்துகொண்டேதான் வேலை பார்த்தேன். என் முதுகுக்குப் பின்னால் எனக்கு ‘பயந்த சிஸ்டர்’ என்றுதான் பேர். விரலில் கீறல் என்று வருகிறவனை, நரம்பு ஏதாவது அறுந்திருக்குமோ என்று மடக்கி நீட்டச் சொல்வேன். நெஞ்சு கரிக்கிறது என்று வருகிறவனைப் படுக்க வைத்துவிட்டு, ஆம்புலன்ஸ் டிரைவர் டீக்கடைக்குப் போயிருக்கிறாரா என்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பேன். சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

கட்டுப் போடுவதும் ஊசி போடுவதும் உங்களுக்குப் படிப்பிலேயே வந்திருக்கும். அதில் நான் மூக்கை நுழைக்கப் போவதில்லை. தைரியம் சொல்லித்தர உங்கள் பயிற்சி வகுப்புகளில் ஆட்கள் இருப்பார்கள். எனக்குத் தெரிந்தது பயம் மட்டும்தான். எதற்குப் பயப்படுவது, எப்போது பயப்படுவது, யார் என்ன சொன்னாலும் எதுவரை பயத்தை விடாமல் பிடித்துக்கொள்வது என்பதெல்லாம் நம் வேலையில் பாதி. அதை எனக்கு நன்றாகப் புரியவைத்தது ஏகாம்பரத்தின் கைகள்.

ஏகாம்பரம் எங்கள் ஆலையில் க்ரேன் ஓட்டியவர். உலையில் உருகிய இரும்பைப் பிடித்துக்கொள்ளும் பெரிய வாளிக்கு லேடில் என்று பேர். கூரைக்கு அடியில் தண்டவாளத்தில் ஓடும் க்ரேன் அந்த லேடிலைத் தூக்கிக்கொண்டு போய் அச்சுகளில் ஊற்றும். கீழே ஆட்கள் வேலை செய்துகொண்டிருப்பார்கள். லேடில் நகரும்போது நான் ஒரு நாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை. மேலே கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்திருப்பவனின் புத்தி ஒரு நிமிடம் தடுமாறினால் கீழே என்ன ஆகும் என்று நினைத்துக்கொண்டே சுவரோரமாக நடப்பேன்.

அவருக்குப் பெரியபாளையம் பக்கத்தில் ஒரு கிராமம். சொந்த நிலம், நெல் விவசாயம். நல்ல பருமனான உடம்பு, அதைவிடப் பெரிய சிரிப்பு. நான் மணவாள நகரில் கம்பெனி பஸ் ஏறினால் அவர் பெரியபாளையத்தில் ஏறுவார். ஏறியதும் பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு கேள்வி. “சிஸ்டர், இன்னிக்கு இன்னாத்துக்குப் பயந்துக்கினு இருக்கீங்க?” நானும் தினம் ஏதாவது ஒன்றைச் சொல்லி வைப்பேன்.

க்ரேன் ஆட்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. மேலே ஏறிவிட்டால் ஷிப்ட் முடியும்வரை தண்ணீர் குடிக்க மாட்டார்கள். குடித்தால் இறங்க வேண்டிவரும், இறங்கினால் கீழே வேலை நின்றுபோகும். உலைச் சூட்டில் வறண்டுகொண்டே உட்கார்ந்திருப்பார்கள். அதில் ஒரு பெருமை வேறு. தண்ணீர் பாட்டிலோடு ஏணியில் ஏறுகிற புது ஆளைச் சின்னக் குழந்தை என்று கேலி செய்வார்கள். வயிறு முட்டினாலும் அடக்கிக்கொள்வார்கள். ஷிப்ட் முடிந்ததும் கேட்டுக்கு வெளியே பரோட்டா, சால்னா, வறுத்த கோழி, பெரிய பாட்டில் கலர். பிறகு வீட்டுக்குப் போய் அதற்கு மேல் சோறு. கீரை மாட்டுக்குத்தான் என்பது ஏகாம்பரத்தின் கட்சி.

வருடாந்திரப் பரிசோதனையில் அவருக்குக் கல்லீரலில் கொழுப்பு என்று ஸ்கேன் சொன்னது. எங்கள் ஆலையில் பாதிப் பேருக்கு அப்படித்தான் வரும். உனக்கு எந்த கிரேடு, எனக்கு எந்த கிரேடு என்று பரீட்சை மார்க் மாதிரி கேட்டுச் சிரித்துக்கொள்வார்கள். சொட்டுச் சாராயம் தொடாத தனக்கு ஈரல் என்ன ஆகிவிடும் என்று ஏகாம்பரம் கேட்டார். கம்பெனி டாக்டர், எடையைக் குறைக்காவிட்டால் அடுத்த தடவை க்ரேனுக்குத் தகுதிச் சான்று தர மாட்டேன் என்று கறாராகச் சொல்லிவிட்டார். க்ரேனை விட்டு இறங்குவது என்றால் ஏகாம்பரத்துக்கு உயிரே போன மாதிரி. போனில் ஏதோ வீடியோ பார்த்து, சோறும் காயும் பழமும் பருப்பும் மொத்தமாக விட்டார். மூன்று வேளையும் கறியும் முட்டையும்தான். எடை மளமளவென்று இறங்கியது. எல்லோரும் கைகொடுத்தார்கள். கேன்டீனில் அவருக்கென்று தனியாக முட்டை அவித்து வைத்தார்கள்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏதோ மாறியது. பஸ்ஸில் ஏறியதும் தூங்கிவிடுவார். ராத்திரியில் தூக்கமே இல்லை என்பார். ஒரு நாள் ஆலை வருவதற்கு முன்பே கவரைப்பேட்டையில் இறங்கிப் போய்விட்டார், மறுபடி ஓடிவந்து ஏறினார். எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வாரம் முழுக்க அவர் என்னிடம் தன் கேள்வியைக் கேட்கவே இல்லை. இதைப் போய் யாரிடம் சொல்வது, ஒருவன் கேலி செய்யவில்லை என்று டாக்டரிடம் புகாரா கொடுப்பது? ஆனாலும் மனசு கேட்கவில்லை. ஞாயிறு எனக்குக் காலையிலிருந்தே வேலை; இரண்டாவது ஷிப்டுக்கு அவர் வந்ததும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுவது என்று முடிவு செய்திருந்தேன்.

அது ஆடி மாதம். ஆடி ஞாயிறு என்றால் பவானி அம்மன் கோயிலுக்கு எங்கள் ஆலையே பாதி காலியாகிவிடும். மாற்று க்ரேன் ஆட்கள் எல்லோரும் லீவு. காலை ஷிப்ட் ஆள் இறங்கிப் போயாகிவிட்டது. உலையில் இரும்பு தயாராகிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் ஷிப்ட் இன்சார்ஜ் தயாளன், ஏகாம்பரத்தின் கையைப் பிடித்து என் அறைக்கு இழுத்துக்கொண்டு வந்தார்.

“போட்டுக்கினு வந்துக்கிறான் சிஸ்டர். கேட்ல ஊதச் சொன்னா மெஷின் ஜீரோன்னு காட்டுது. நீங்க ஒரு தபா ஊத வச்சுப் பாருங்க.”

என்னிடம் இருந்த, குடியைக் கண்டுபிடிக்கும் மெஷினில் ஊத வைத்தேன். பூஜ்யம்தான். மறுபடி ஊத வைத்தேன். அதே பூஜ்யம். ஆனால் அவர் வாயிலிருந்து ஒரு வாடை வந்தது. சாராய வாடை இல்லை. மக்கிப்போன பழம் போல இனிப்பும் புழுக்கமும் கலந்த வாடை. அதை எங்கேயோ முகர்ந்திருக்கிறேன் என்று மட்டும் தோன்றியது. எங்கே என்று பிடிபடவில்லை.

ஏகாம்பரம் ஸ்டூலில் உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். இடது ஷூவை வலது காலிலும் வலது ஷூவை இடது காலிலும் மாட்டியிருந்தார். காலையில் நாஷ்டா என்ன என்று கேட்டேன். நெடுநேரம் யோசித்துவிட்டு, “பஸ்ஸுல” என்றார்.

இங்கேதான் தயாளன் தடம் மாறினார். குடித்திருக்கிறான் என்று சாதித்தவர், மெஷின் மறுபடியும் பூஜ்யம் காட்டியதும், அப்படியென்றால் நன்றாகத்தான் இருக்கிறான் என்ற முடிவுக்கு வந்துவிட்டார். தூக்கக் கலக்கம், மேலே காற்றுப் பட்டால் தெளிந்துவிடும் என்றார். நீங்கள் இதை நன்றாகக் கவனியுங்கள். அந்த ஆலையில் ஒருவனுக்குப் புத்தி தடுமாறினால் இரண்டே பதில்தான் இருந்தது. குடித்திருக்கிறான், அல்லது ஒன்றுமில்லை. கேட்டில் இருந்த மெஷின் எங்கள் எல்லோரையும் அப்படிப் பழக்கியிருந்தது. மூன்றாவதாக ஒன்று இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

தயாளன் கெட்டவர் இல்லை. அவருக்கு அவர் பயம். இரும்பை உலையிலேயே அதிக நேரம் வைத்திருந்தால் உலையின் உட்சுவர் அரித்துக்கொண்டு போகும். என் அனுமதி இல்லாமல் ஏகாம்பரத்தை மேலே ஏற்ற முடியாது என்பதால் என்னைப் பிடித்து நெருக்கினார். நான் கம்பெனி டாக்டருக்குப் போன் போட்டேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. “மெஷினே ஜீரோன்னுது. நீங்க இன்னாத்துக்கு சிஸ்டர் இழுத்துக்கினு இருக்கீங்க? நீங்க இன்னா டாக்டரா?” என்றார் தயாளன். இல்லைதான். இவரை அனுப்பினால் கீழே இருப்பவர்கள் செத்துப்போவார்களோ என்று ஒரு பயம். ஒன்றுமில்லாததற்கு உலையை நிறுத்தினேன் என்று நாளைக்கு என்னை வேலையை விட்டே அனுப்பிவிடுவார்களோ என்று இன்னொரு பயம். இரண்டில் எது பெரிது என்று பார்ப்பதைத் தவிர எனக்கு வேறு வழி இல்லை.

நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோதே ஏகாம்பரம் எழுந்தார். “மேல ஏறணும்” என்று சொல்லிக்கொண்டு போய், என் மருந்து அலமாரியின் தட்டைப் பிடித்து, கீழ்த்தட்டில் கால் வைத்தார். அதை க்ரேன் ஏணி என்று நினைத்துவிட்டார்.

அப்போதுதான் அந்த வாடை எங்கே பழக்கம் என்று எனக்கு நினைவு வந்தது. படித்த காலத்தில் சென்னையில் ஈரல் நோயாளிகள் வார்டில் என்னைப் போட்டிருந்தார்கள். அங்கே ஒரு வார்டு சிஸ்டர். கடுகடுவென்று இருப்பார். உளறிக்கொண்டு வந்த ஒருவரைக் குடிகாரன் என்று மூலைக் கட்டிலில் தள்ளிவிட்டு நான் திரும்பியபோது என் தோளைப் பிடித்து நிறுத்தினார். “மப்புன்னு சொல்றதுக்கு முன்னாடி கையை நீட்டச் சொல்லிப் பாருடி. கை நிக்கலேன்னா டாக்டர்கிட்ட ஓடு” என்றார். அங்கே வந்தவர்கள் பெரும்பாலும் குடித்து ஈரலைக் கெடுத்துக்கொண்டவர்கள். ஈரல் கெட்டுப் புத்தி கலங்குவது குடிக்காதவனுக்கும் வரும் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

ஏகாம்பரத்தை அலமாரியிலிருந்து இறக்கி உட்காரவைத்தேன். கையை நீட்டு என்று சொன்னால் அவருக்குப் புரியுமோ என்னவோ. ஆனால் க்ரேன் சைகை அவருக்கு ரத்தத்தில் ஊறியது. எங்கள் ஆலையில் அவசரமாக நிறுத்தச் சொல்ல, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, உள்ளங்கைகளை நிமிர்த்தி எதிரில் காட்டி, அசையாமல் பிடிக்க வேண்டும்.

“ஏகாம்பரம், நிறுத்துன்னு சைகை காட்டு” என்றேன்.

டக்கென்று இரண்டு கைகளையும் நீட்டி உள்ளங்கைகளைக் காட்டினார். ஒரு கணம் சரியாக நின்றன. பிறகு இரண்டு கைகளும் மணிக்கட்டில் தொப்பென்று விழுந்தன. தானாக நிமிர்ந்தன. மறுபடி விழுந்தன. பறவை இறக்கை அடிப்பது போல விழுவதும் நிமிர்வதுமாக இருந்தது.

“அசையாம நிறுத்து” என்றேன்.

“நிறுத்திக்கினுதான் இருக்கேன் சிஸ்டர்” என்றார். முகத்தில் பொய் இல்லை. தன் கை நிற்கிறது என்றே அவர் நினைத்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடத்தில் நான் கேட்ட எந்த அலறலும் அந்த ஒரு வார்த்தை அளவுக்கு என்னைப் பயமுறுத்தியதில்லை.

தயாளன் அந்தக் கைகளையே பார்த்தார். நிற்காத ‘நிறுத்து’ என்றால் என்ன என்பது என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். ஹெல்மெட்டைக் கழற்றி மேஜையில் வைத்தார். பிறகு போனை எடுத்து, லேடிலை யாரும் தொட வேண்டாம், காலை ஆளை எங்கே இருந்தாலும் திருப்பிக் கூட்டிவாருங்கள் என்று சொன்னார்.

உலை ஆபத்து அதோடு தீர்ந்தது. ஏகாம்பரத்தின் ஆபத்து தீரவில்லை. இதில்தான் நிறைய பேர் ஏமாந்துபோகிறார்கள். வேலைக்கு அனுப்பாமல் தடுத்துவிட்டோம், இனி வீட்டுக்குப் போய்த் தூங்கட்டும் என்று தோன்றும். தயாளன் வண்டி வைத்துக் கிராமத்தில் விட்டுவிடுகிறேன் என்றார். அவர் மனைவி பவானிக்குப் போன் செய்தேன். அவளும் அதையேதான் சொன்னாள். “ஊட்டுக்கு அனுப்புங்க அக்கா, ராவெல்லாம் கண்ணு மூடலே. தூங்கி எழுந்தா தெளிஞ்சிடும்.”

மலம் போய் எத்தனை நாளாகிறது என்று கேட்டேன். அவள் தயங்கினாள். அஞ்சாறு நாளாகவே சரியாகப் போகவில்லை என்றாள். ராத்திரி தூக்கம் வரவில்லை என்று மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டதையும் அப்புறம் மெதுவாகச் சொன்னாள். இந்த நிலையில் அந்த மாத்திரை கிணற்றில் விழுந்தவன் தலையில் கல்லைப் போடுகிற மாதிரி. இவர் இப்போது தூங்கினால் எழுந்திருப்பார் என்று யாரும் சொல்ல முடியாது என்று அவளிடம் நேராகவே சொல்லி, ஆம்புலன்ஸில் சென்னைக்குக் கொண்டுபோகிறேன் என்றேன். அவள் அழவில்லை. கவரைப்பேட்டை கூட்டு ரோட்டில் நிற்கிறேன் என்று மட்டும் சொன்னாள்.

ஆம்புலன்ஸில் பவானி ஏறியபோது ஏகாம்பரம் அவளைப் பார்த்தார். யார் என்று கேட்டேன். அவளைத் தெரிந்த மாதிரியே இல்லை. அதற்குள் கண் செருக ஆரம்பித்துவிட்டது. நான் கன்னத்தைத் தட்டித் தட்டிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே வந்தேன். ஆட்காட்டி விரலை மட்டும் மேலே தூக்கிச் சுற்றிக்கொண்டிருந்தார். அது லேடிலைத் தூக்கு என்ற சைகை. செங்குன்றம் தாண்டும்போது அந்த விரலும் நின்றுவிட்டது. பவானி என்னைப் பார்த்தாள். டிரைவரை இன்னும் வேகமாகப் போகச் சொன்னேன்.

சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, குடிப்பாரா என்பதுதான். இல்லை, இரண்டு முறை ஊதியதில் பூஜ்யம், ஈரலில் கொழுப்பு, வாரக்கணக்கில் கறி மட்டும், வயிறு போகவில்லை, தூக்க மாத்திரை, கை நிற்கவில்லை என்று ஒரே மூச்சில் ஒப்பித்தேன். பணியில் இருந்த பெண் டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். அதற்குப் பிறகு யாரும் குடியைப் பற்றிப் பேசவில்லை. எனிமா கொடுத்தார்கள், மூக்குக் குழாய் வழியாக வயிற்றைப் போகவைக்கும் சிரப் கொடுத்தார்கள், குடல் கிருமிகளை அடக்கும் மருந்தும் கொடுத்தார்கள். மூளைக்கு வந்த நோய்க்கு வைத்தியம் முழுக்கக் குடலில் நடந்தது. இரண்டு நாள் கழித்து அவர் கண் திறந்தார். பவானியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். பிறகு, லேடிலை இறக்கியாகிவிட்டதா என்று கேட்டார். பவானி அப்போதுதான் அழுதாள்.

அந்த டாக்டர் எங்களுக்கு விளக்கியதை உங்களுக்கும் சொல்கிறேன். நம் குடலில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. நாம் சாப்பிடுவதைத்தான் அவையும் சாப்பிடுகின்றன. கீரை, பருப்பு, காய், தவிடு போகாத தானியம் என்று நார்ச்சத்துப் போட்டால் நல்லவை பிழைத்துக் குடல் சுவரைப் பாதுகாக்கின்றன. எண்ணெயும் சர்க்கரையும் வறுத்த கறியும் மட்டுமே போய், போனது வெளியேயும் வராமல் தங்கினால் மற்றவை பெருகுகின்றன. அவை உண்டாக்கும் அம்மோனியா போன்ற கழிவுகளை ஈரல் வடிகட்டிவிடும். ஏகாம்பரத்தின் ஈரல் பல வருடக் கொழுப்பில் சத்தமில்லாமல் தழும்பேறிச் சுருங்கிப்போயிருந்தது. வடிகட்ட ஆள் இல்லாததால் கழிவு நேரே மூளைக்குப் போனது. வறட்சியும் மாத்திரையும் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டன.

ஈரல் கெடாத பருமனானவர்களுக்கும் குடலின் நிலை மனச்சோர்வோடும் மறதியோடும் சேர்ந்திருக்கிறதா என்று ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள் என்றார் டாக்டர். எவ்வளவு, எப்படி என்று இன்னும் தீர்மானமாகத் தெரியாதாம். ஆகவே அரைகுறையாகப் படித்துவிட்டுக் குடல் சுத்தம், அந்தப் பொடி, இந்தப் பாட்டில் என்று தொழிலாளர்களிடம் சிபாரிசு செய்யக் கிளம்பாதீர்கள். குண்டாக இருப்பவனைக் கேலி செய்கிறவர்களோடும் சேராதீர்கள். அந்தக் கேலிக்குப் பயந்துதான் அவன் போனில் வைத்தியம் தேடுகிறான். இத்தனை நாளில் எவ்வளவு இளைத்தாய் என்று கேட்பதற்கு முன்னால், என்ன சாப்பிடுகிறாய், வயிறு போகிறதா, தூக்கம் எப்படி என்று கேளுங்கள். வெட்கப்படுவார்கள். நீங்கள் வெட்கப்படாதீர்கள்.

ஏகாம்பரம் திரும்பி வந்தார், ஆனால் க்ரேனுக்குப் போகவில்லை. ஸ்டோரில் உட்காரவைத்தார்கள். முதல் நாள் ஏணியை நிமிர்ந்து பார்த்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன், பக்கத்தில் போகவில்லை. டாக்டர் சொன்னபடி பருப்பும் கீரையும் தயிரும் கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை. படுக்கப் போகும்முன் ஒரு சிறு தீனி, தினமும் வயிற்றைப் போகவைக்கும் அந்த சிரப். தயாளன் பேசிப் போராடி, க்ரேன் ஆட்கள் ஷிப்ட் நடுவில் இறங்கித் தண்ணீர் குடித்து ஒதுங்கிவிட்டு வர மாற்று ஆள் வாங்கினார். பழைய ஆட்கள் முனகினார்கள். தயாளன் அவர்கள் முன்னால் தன் இரண்டு கைகளையும் நீட்டி, மணிக்கட்டைத் தொப்பென்று விழவைத்துக் காட்டினார். முனகல் நின்றது.

பஸ்ஸில் எங்களுக்குள் புது வழக்கம் வந்தது. பெரியபாளையத்தில் ஏறியதும் ஏகாம்பரம் படியிலேயே நின்று எனக்கு இரண்டு உள்ளங்கைகளையும் காட்டுவார். கண்டக்டர் இல்லாத பஸ்ஸில் வண்டியை நிறுத்துகிறான் பார் என்று மற்றவர்கள் சிரிப்பார்கள். நான் சிரிக்காமல் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருப்பேன். கை நின்றால்தான் எனக்கு மூச்சு வரும். அதன்பிறகுதான் அவர் தன் கேள்வியைக் கேட்பார்.

நான் ஓய்வு பெற்றபோது மாலை, சால்வை எல்லாம் போட்டார்கள். எனக்கு ஒரே ஒரு கவலைதான். இனிமேல் அந்தக் கையை யார் பார்ப்பது? பவானியை ஒரு நாள் மணவாள நகருக்கு வரவழைத்து, விடிந்ததும் காபி கொடுப்பதற்கு முன்னால் கையை நீட்டச் சொல், நிற்காவிட்டால் யாரையும் கேட்டுக்கொண்டிருக்காதே என்றேன். “எனக்கு இன்னா அக்கா தெரியும்? பேஜாரு ஆயிடுச்சுன்னா ஒங்களுக்குத்தான் போன் போடுவேன்” என்று சொல்லிவிட்டுப் போனாள். அதனால் ஒவ்வொரு காலையும் போன் மணிக்குப் பயந்துகொண்டே எழுந்தேன்.

போன மழைக்காலத்தில் ஒரு காலை அந்தப் போன் வந்தது. ஆட்டோ இரைச்சலுக்கு நடுவில் பவானியின் குரல். “அக்கா, ரெண்டு நாளா காய்ச்சல். இன்னிக்குக் கை நிக்கலே. ஆஸ்பத்திரிக்குப் போய்க்கினே இருக்கோம், அங்க டாக்டருக்குப் போன்லயே சொல்லிட்டேன்.” நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் அவள் வைத்துவிட்டாள். அவள் என்னிடம் எதையும் கேட்கவில்லை. தகவல் மட்டும்தான் சொன்னாள். அன்று முழுக்கச் சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

சரியான நேரத்தில் கொண்டுவந்தார்கள் என்று டாக்டர் சொன்னாராம். அந்த வார முடிவில் ஏகாம்பரமே பேசினார். குரல் மெலிந்திருந்தது, ஆனால் கேள்வி அதேதான். “சிஸ்டர், இன்னிக்கு இன்னாத்துக்குப் பயந்துக்கினு இருக்கீங்க?”

நான் பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து பவானி சொல்வது கேட்டது. “அவங்களை உடு. இனிமே அதுக்கு நான் இருக்கேன். கையை நீட்டு.”

அன்றைக்குத்தான் நான் ஓய்வு பெற்றேன்.